பின்னால் வந்த வயலின்

மின்விசிறிகளை அணைத்துவிட்டார்கள்.
சுழன்றால் நோட்டுத்தாள் பறக்கும்,
துணிக் கிளிப் போட்டாலும் நிற்காது.
பங்குனி வெயில்
பசுமலைப் பள்ளிக்கூட அரங்கின் தகரக் கூரை வழியே இறங்கி
எங்கள் பிருடைகளைத்
தளர்த்திக்கொண்டிருந்தது.

முப்பத்தோரு பேர்.
முதல் வயலின் பிரிவின் கடைசி நாற்காலி நான்,
செக்கானூரணி பவுன்ராஜ், வயது பதினேழு.
முதல் நாற்காலியில் ஹெப்சிபா.
பன்னிரண்டு முடியவில்லை. கால் தரைக்கு எட்டாது,
அடியில் ஒரு பலகை போட்டிருந்தார்கள்.

அவளுடையது செக் நாட்டு வயலின் என்பார்கள்.
என்னுடையது அம்மா சீட்டெடுத்து
டவுன் ஹால் ரோட்டில் வாங்கியது.
கத்தரிக்காய்க்குப் பேசுவதுபோலவே பேசினாள்:
"வில்லைச் சும்மா சேர்த்துக் குடுங்க."

ஐந்து மாத ஞாயிறுகள், நரிமேட்டில்.
செலின் மிஸ் வாசிக்க மட்டும் பழக்கவில்லை.
ஒன்றாக எழ, ஒன்றாக உட்கார,
பக்கம் புரட்டுவது யார்,
இருமல் வந்தால் எந்த வரியில் இருமலாம்.
ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு
"கம்பி அறுந்துபோச்சு, இப்போ?" என்றார்.
சிரித்தோம்.
இருட்டில் இரண்டு வயலின் இடித்துக்கொண்டன.
பிறகு சிரிக்கவில்லை.

அரங்கில், இரண்டாம் பகுதியில், அது அறுந்தது.
ஹெப்சிபாவின் கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு.
திரும்பாமலே இடக்கையை நீட்டினாள்.
தவ்ஃபீக் தன்னுடையதைக் கொடுத்தான்,
அவனுக்கு முகிலரசி கொடுத்தாள்,
அவளுக்குப் பின்னிருப்பவள்.
ஒவ்வொரு தாடைக்கும் அடுத்தவர் வியர்வை.
என்னுடையது முன்னால் துளசிராமிடம் போய்விட்டது.
என் மடியில்,
மூன்று கம்பிகளோடு,
செக் நாட்டு வயலின்.

இடைவேளைகளில் அதன் உறையை மட்டும்
தொட்டுப் பார்த்திருக்கிறேன்.
செல்லோக்கள் கீழே இறங்கும்போதெல்லாம்
யாரும் மீட்டாமலே அது என் தொடையில் அதிர்ந்தது,
தூங்குகிற நாய்
கனவில் முனகுவதுபோல.

மூன்றாம் பகுதியில் அவளுடைய தனி வரும்.
வராமல் போகட்டும் என்று நினைத்தேன்.
நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.
நான்கு வரி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நாற்காலிக்கென்று ஒரு வேலை உண்டு.
சட்டைப் பையில் காகிதம் சுற்றிய கம்பி,
இருநூற்றுப் பத்து ரூபாய்.
கீழே கொளுவி, குதிரைமேல் ஏற்றி,
பிருடையின் துளையில் நுழைத்துச் சுற்றினேன்.
எல்லோரும் ஓங்கி வாசிக்கும்போது
கட்டைவிரலால் சுண்டிக் கேட்பேன்,
தலைச்சுருளில் காதை அழுத்தி.
அவர்கள் தணிந்தால் கை நிற்கும்.
புதுக் கம்பி இளகும். இழுத்துவிட்டு மறுபடி முறுக்கினேன்.
மறுபடி.

இரண்டாம் பகுதி முடிந்த அமைதியில்
வந்த வழியே வயலின்கள் திரும்பின.
என் தாடைக்கட்டையில் துளசிராமின் ஈரம்.

தனி தொடங்கியது.
மூன்றாம் வரியில் கம்பி ஒரு நூல் இறங்கியது.
எனக்கு வயிறு கலங்கியது.
அவள் விரலை ஒரு நூல் ஏற்றினாள்.
அவ்வளவுதான். வாசித்துக்கொண்டே போனாள்.
முன்வரிசைச் சேர்மன் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

காளவாசலில் பஸ் மாறும்போது அம்மா கேட்டாள்:
"நடுவுல நீ மட்டும் ஏண்டா குனிஞ்சே இருந்த?"
"கம்பி மாட்டினேன்."
"யாரு கம்பி?"
"நம்ம கம்பி."
சில்லறையை எண்ணி முந்தானையில் முடிந்தாள்.
தேனி பஸ் ஒன்று நிற்காமல் போனது.
"அந்தப் பாப்பா அழகா வாசிச்சுச்சு" என்றாள்.
பிறகு,
"காசு குடுத்துருவாங்கள்ல?"